பதினோராம் வார்டின் ஐந்து கற்கள்

ஒரு நகராட்சியில் பதினோராம் வார்டு என்று ஒரு வார்டு இருந்தது. வார்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு ஒரு பக்கம் கடைத்தெரு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மருந்துக்கடை எல்லாம் இருந்தன. மறுபக்கம் ஓடைக்கரைத் தெரு மட்டும் இருந்தது. அறுபத்து மூன்று வீடு, இருநூற்றுப் பதினெட்டு ஓட்டு.

ஓடையின் அகலம் குறுகிய இடத்தில் ஒன்பதடி. அதற்குப் பாலம் இல்லை. ஒரு பனைமரத் தடிதான் குறுக்கே கிடந்தது. தெருக்காரர்களே எப்போதோ வெட்டி இழுத்து வந்து போட்டது. அதற்காக யாரும் தேங்காய் உடைக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. அதனாலோ என்னவோ, அது ஒழுங்காக வேலை செய்தது.

இரண்டு காலும் நன்றாக இருந்தவர்களுக்கு அந்தத் தடி போதும். செல்லக்கனிக்குப் போதாது. சின்ன வயதில் போலியோ வந்து அவளுடைய இடது கால் சூம்பிப்போயிருந்தது. கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றித்தான் நடப்பாள். கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை. ரவிக்கை தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. தினமும் காலையில் தடியின்மேல் உட்கார்ந்து, கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி ஊன்றி நகர்ந்து அக்கரை சேருவாள். சாயங்காலமும் அப்படியே திரும்புவாள். கீழே சாக்கடை கலந்த தண்ணீர் இடுப்பளவு ஓடும். எதிரே வருகிறவர்கள் அவள் நகர்ந்து முடிக்கிறவரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீரைவிட அந்தப் பார்வைதான் அவளுக்குப் பயம்.

அந்த ஒன்பதடியை ஒருநாள் நின்றபடி கடக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வார்டுக்கு முதல் தேர்தல் வந்தபோது அவளுக்கு இருபது வயது. சங்கரலிங்கம் என்பவர் நின்றார். பாலம்தான் தன் மூச்சு என்றார். முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். ஆறாவது மாதம் ஓடைக்கரையில் செங்கல் மேடை கட்டி ஒரு கருங்கல் பலகையை நிறுத்தினார். இரண்டடி உயரம். அதில் அவர் பெயர், அவருடைய கட்சித் தலைவர் பெயர், தேதி, ‘பதினோராம் வார்டு பாலம் கட்டும் பணிக்கு அடிக்கல்’ என்ற வாசகம். சங்கரலிங்கம் ஒரு கரண்டி சிமெண்டை அள்ளி, போட்டோக்காரர் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கரண்டியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். அந்தப் பதவிக் காலம் முழுவதும் அவர் செய்த வேலை அந்த ஒரு கரண்டிதான்.

கூட்டம் கலைந்ததும் கல் பேச ஆரம்பித்தது.

“அன்பார்ந்த பொதுமக்களே!”

கல்லுக்கு மேடைத் தமிழ்தான் வரும். அதில் செதுக்கியிருந்ததும் அதுதானே.

“யாரு வே பொதுமக்கள்? இங்க நான் ஒத்தத் தடிதான் கிடக்கேன்” என்றது பனந்தடி.

“ஆறே திங்களில் இவ்விடத்தில் மாபெரும் பாலம் எழும். அன்றோடு உனக்கு ஓய்வளிக்கப்படும்.”

“நல்லா இருப்பீரு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஆமா, என் மேல ஆளுக நடக்காவ. உம்ம மேல என்ன செய்வாவ?”

“மாலை சூட்டுவார்கள்.”

“அது சரி” என்றது தடி. ஓடை தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அது நிறையப் பார்த்த ஓடை.

ஆறு மாதம் ஆயிற்று. ஆறு ஆறாக ஒன்பது முறை ஆயிற்று. மாலை காய்ந்து விழுந்தது. ஆடு ஒன்று தினமும் வந்து கல்லில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. கல் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜல்லி வருகிறது என்று சொல்லும். லாரி நேராகப் போய்விடும்.

அடுத்த தேர்தலில் பூவலிங்கம் ஜெயித்தார். அவருக்கும் பாலம்தான் மூச்சு. பொறியாளர் ஒருவர், “அடிக்கல் ஏற்கெனவே இருக்கே சார், வேலையை ஆரம்பிச்சிரலாமே” என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார்.

“எவன் கல்லு மேல எவன்யா பாலம் கட்டுவான்?” என்று பூவலிங்கம் பாய்ந்தார். “புதுக்கல்லு போடும். அவன் கல்லவிட ஒரு சாண் ஒசரமா இருக்கணும், ஆமா!”

அப்படித்தான் அந்த வார்டின் வழக்கம் ஆரம்பித்தது. இரண்டாவது கல் இரண்டே முக்காலடியில் வந்து நின்றது. வந்ததும் முதல் கல்லைக் கீழே குனிந்து பார்த்தது.

“முந்தைய ஆட்சியின் மெத்தனத்தைக் கண்டிக்கிறேன்” என்றது.

“நானும் பாலத்துக்காகத்தான் நிற்கிறேன், தோழரே” என்றது முதல் கல்.

“யார் தோழர்? உன் தலைவர் வேறு, என் தலைவர் வேறு. என் பக்கம் திரும்பாதே.”

பனந்தடி சிரித்தது. “ரெண்டு பேரும் ஒரே குவாரிதானே வே? கல்லு கொண்டுவந்த வண்டிக்காரன்கூட ஒரே ஆளுதான்.”

இரண்டு கல்லும் அந்தப் பேச்சைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டன.

அந்த வார்டில் தேர்தல் நாள் நடக்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுச்சாவடி கடைத்தெருப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். தேர்தல் தேதி அறிவித்ததும் நகராட்சி ஆள் வந்து கற்களைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டுப் போவார். கல்லில் இருக்கும் பெயரைப் பார்த்து வாக்காளர் மயங்கிவிடக் கூடாதாம். ஓட்டுப் போடும் அன்று காலை எட்டு மணிக்கு செல்லக்கனி வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து நிற்கும். ஒன்று சங்கரலிங்கத்துடையது, இன்னொன்று பூவலிங்கத்துடையது. “எங்க நாற்காலில இருங்க அக்கா”, “எங்களதுல இருங்க மதினி” என்று சண்டை நடக்கும். ஜெயித்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான்கு பேர் தோளுக்கு மேல் தூக்கி, தண்ணீரில் இறங்கி, ஒரு துளி படாமல் அக்கரையில் கொண்டுபோய் இறக்குவார்கள். பந்தலில் குடிக்கக் கலர் சோடா கொடுப்பார்கள். விரலில் மை வைத்ததும் வெளியே வருவாள். நாற்காலி இருக்காது. நான்கு பேரும் இருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போலத் தடியில் உட்கார்ந்து, மை காயாத விரலை ஊன்றி ஊன்றி வீடு திரும்புவாள்.

“போகையில மகாராணி, வரையில பழைய செல்லக்கனி” என்று சொல்லிக்கொள்வாள்.

மூன்றாம் தேர்தலில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பூவலிங்கம் தன் மனைவி செண்பகவல்லியை நிறுத்தினார். அந்த அம்மாள் ஜெயித்தார். ஜெயித்த செய்தியை அவருக்கு வீட்டில் வந்து சொன்னார்கள்; அப்போது கறிக்கு மசால் அரைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கல் மூன்றரை அடியில் வந்தது. அதில் ‘திருமதி செண்பகவல்லி’ என்று விரல்கடை எழுத்திலும், ‘பூவலிங்கம் அவர்களின் அயராத முயற்சியால்’ என்று உள்ளங்கை அகல எழுத்திலும் இருந்தது.

அந்தக் கல்லுக்குத் தான் யாருடைய கல் என்பதே விளங்கவில்லை.

“நீ எங்கள் அணிதானே?” என்று இரண்டாவது கல் கேட்டது.

“அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்” என்றது மூன்றாவது கல்.

செல்லக்கனி ஒருமுறை செண்பகவல்லியின் வீட்டுக்கே போய்க் கேட்டாள். “மதினி, நீங்களும் ஒரு பொம்பளை. அந்தத் தடில நான் உக்காந்து நகருததப் பாத்திருக்கியளா?”

அந்த அம்மாள் முகம் வாடிப்போனது. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “பாத்திருக்கேன் தாயி. நான் கையெழுத்துதான் போடுதேன். எதுலன்னு அவுகதான் சொல்லணும்.” வார்டு வரலாற்றிலேயே உண்மை பேசிய கவுன்சிலர் அவர் ஒருவர்தான்.

அவர் பதவிக் காலம் முடிந்த பிறகு ஆறு வருடம் தேர்தலே வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் வழக்கு இருக்கிறது என்றார்கள். வழக்கு எதற்கு என்று கேட்டால் தேர்தல் வராமலிருக்க என்றார்கள். தனி அலுவலர் ஒருவர் நகராட்சியை ஆண்டார். அவருக்கு ஓட்டு வேண்டாம், ஆகவே கல்லும் நடவில்லை. அவர் செய்த ஒரே காரியம் வார்டுகளைப் பிரித்து மறுபடி எண் போட்டது. ஓடைக்கரைத் தெரு பதினாலாம் வார்டாகிவிட்டது.

செல்லக்கனி மனு எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

“பதினோராம் வார்டுக்குப் பாலம்னு மூணு அடிக்கல் இருக்கு. ஆனா பதினோராம் வார்டுல ஓடையே கிடையாதேம்மா. அது பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“ஓடை எங்க தெரு முன்னாடி ஓடுது சார்.”

“அது பதினாலு. பதினாலுக்கு அடிக்கலே நடலையே. அடிக்கல் இல்லாம எப்படிப் பாலம் கட்டுறது?”

அவர் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே கேட்டார். செல்லக்கனிக்கு அதுதான் தாங்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

இதைக் கேள்விப்பட்ட மூன்று கல்லும் முதல்முறையாக ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டு அவை ஊர் மாறிப்போயிருந்தன. “நான் நகரல, நீங்களும் நகரல. நம்பரு மட்டும் நடந்து போயிருக்கு” என்றது ஓடை.

நான்காம் தேர்தல் வந்தது. அதற்குள் சங்கரலிங்கமும் பூவலிங்கமும் ஒரே வாரத்தில் கட்சி மாறியிருந்தார்கள். இவர் அந்தக் கட்சிக்கு, அவர் இந்தக் கட்சிக்கு. வேட்டிக் கரை மாறியது தவிர வேறெதுவும் மாறவில்லை. இந்த முறை சங்கரலிங்கம் ஜெயித்தார். முதல் கல்லுக்குத் தலைகால் புரியவில்லை.

“என் தலைவர் வென்றுவிட்டார்! இனி என் மேல்தான் பாலம்!” என்று மற்றக் கற்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

சங்கரலிங்கம் வந்தார். முதல் கல்லின் முன்னால் நின்றார். தன் பெயருக்கு மேலே தன் பழைய தலைவர் பெயர் இருப்பதைப் பார்த்தார். முகம் சுளித்தார். பக்கத்தில் நின்றவரிடம், “ஏ, இதுல ஒரு சாக்கக் கட்டுங்கடே. எவனும் போட்டோ எடுத்துரப் போறான்” என்றார். தன் கல்லைத் தானே மூடிவிட்டு, நாலேகாலடியில் நான்காவது கல்லை நட்டுவிட்டுப் போனார்.

சாக்குக்குள் முதல் கல் இருட்டில் நின்றது.

“அழுதீரா வே?” என்று தடி கேட்டது.

“கல் அழுவதில்லை” என்றது கல். அதன் குரலில் மேடை இல்லை.

சங்கரலிங்கத்தின் ஐந்தாவது வருடம் ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தடி உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. அது யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் செல்லக்கனி அதன்மேல் நகர்ந்து வந்தாள். அவள் கரையில் கையை ஊன்றி ஏறுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

“ஏறிட்டியா தாயி?” என்று கேட்டது. அவள் காதில் விழவில்லை. அப்புறம்தான் தடி நடுவில் முறிந்து தண்ணீரோடு போனது. அதற்கு இரங்கல் கூட்டம் போட யாரும் வரவில்லை.

நல்ல கால் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். செல்லக்கனிக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றுவழிதான். கட்டையை ஊன்றி அதை எத்தனை நாள் நடக்க முடியும்? பத்து நாளில் கக்கம் புண்ணாகி வீட்டோடு முடங்கினாள். தையல் கடைக்காரி வடிவம்மை தண்ணீரில் இறங்கி அவளைப் பார்க்க வந்தாள்.

“உன் மிஷினு அப்படியேதான் கிடக்கு செல்லம். வேற ஆளு போட மனசு இல்ல. ஆனா வைகாசில முகூர்த்தம் குமியும். அதுக்குள்ள நீ வரலன்னா நான் என்ன செய்ய, சொல்லு?”

வைகாசிக்கு ஏழு மாதம் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஆகாதது ஏழு மாதத்தில் ஆக வேண்டும்.

அதே தெருவில் அந்தோணிமுத்து என்று ஒரு கொத்தனார் இருந்தார். செல்லக்கனி அவரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனாள். கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து நான்கு கல்லையும் அளந்தாள். தையல்காரி தன்னை அளப்பதை நான்காவது கல் கௌரவமாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

“அண்ணாச்சி, இந்தக் கல்லுகள வச்சுப் பாலம் கட்ட முடியுமா?”

அந்தோணிமுத்து திகைத்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மனசுக்குள் கணக்குப் போட்டார். “நாலு கல்லையும் ரெண்டு கரையிலயும் படுக்கப்போட்டு, நடுவுல மண்ணு, ஜல்லி, சிமெண்டு வச்சு ஏத்தலாம். ஆனா நடுவுல நாலடி இடைவெளி நிக்கும். அதை மூட அஞ்சடிக் கல்லு ஒண்ணு வேணும். அதுக்கு எங்க போக?”

“அது தானா வரும்.”

“எப்படிச் சொல்லுத?”

“ரெண்டு. ரெண்டே முக்கா. மூணரை. நாலேகால். ஒவ்வொருத்தரும் ஒரு சாண் கூட்டிருக்காவ. மாசில எலக்சன். அடுத்து வாற ஆளு அஞ்சடி நடுவாரு. அவுக சொன்னதுல வேற எது தப்பினாலும் இது தப்பாது அண்ணாச்சி.”

“சங்கரலிங்கமே திரும்ப ஜெயிச்சிட்டா?”

“அவரு கல்லு நிக்கே. கட்சியும் மாறல. புதுசு நடமாட்டாரு. அதனால யாரு வந்தாலும் சரி, அவரு வரப்பிடாது.”

வார்டு பிறந்து அத்தனை வருடத்தில் யோசித்து முடிவான முதல் ஓட்டு அதுதான்.

மாசி வந்தது. மனை விற்கிற கோமதிநாயகம் என்பவர் சங்கரலிங்கத்தை எதிர்த்து நின்றார். ஓடைக்கரைத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், “நான் வந்தா பாலம்...” என்று ஆரம்பித்தார்.

“பாலம் கிடக்கட்டும் அண்ணாச்சி. கல்லு எத்தன அடி?” என்று கேட்டாள் செல்லக்கனி.

கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பாலம் கேட்காமல் கல் கேட்கிற ஜனத்தை அவர் எங்கே பார்த்திருக்கிறார்?

“இதுவரைக்கும் நின்ன கல்லவிட ஒரு சாண் ஒசரமா நடுதேன், போதுமா?”

“கனம் அரையடியாவது இருக்கணும்” என்றார் அந்தோணிமுத்து. “மெல்லிசாப் போட்டா உங்களுக்கு மரியாதையா இருக்காது பாத்துக்கிடுங்க.”

“அகலம் ரெண்டரை” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “பளிங்கு வேண்டாம், கருங்கல்லு” என்றது இன்னொரு குரல்.

“என் மேல இவ்வளவு பாசமா!” என்று கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார். ஓட்டு எண்ணியபோது ஓடைக்கரைத் தெருவில் மட்டும் இருநூறுக்கு மேல் அவருக்கு விழுந்திருந்தது. சங்கரலிங்கம் தோற்ற வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான்.

சித்திரையில் கல் வந்தது. ஐந்தடி உயரம், இரண்டரை அடி அகலம், அரையடி கனம். இறக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. கோமதிநாயகம் கரண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தெருவே கூடிக் கைதட்டியது. எந்த அடிக்கல்லுக்கும் அந்த ஊரில் அப்படிக் கை தட்டியதில்லை. செல்லக்கனி டேப்பை வைத்துப் பார்த்தாள். சரியாக அறுபது இஞ்சு.

“பெருந்திரளாகக் கூடியிருக்கும் வாக்காளப் பெருமக்களே!” என்று ஐந்தாவது கல் முழங்கியது. “இதோ என் காலடியில் நான்கு குள்ளர்கள்!”

“நாளைக்குத் தெரியும் வே, யாரு காலடில யாருன்னு” என்றது ஓடை.

மறுநாள் காலை தெருவே வேலைக்குப் போகாமல் கரைக்கு வந்தது. கடப்பாரை வந்தது. ஆளுக்கு ஒரு சட்டி மண் வந்தது. சிமெண்டு மூட்டையை வடிவம்மை அக்கரையிலிருந்து தலைச்சுமையாக அனுப்பிவைத்தாள். முதலில் சாக்கை அவிழ்த்து முதல் கல்லைப் படுக்கப்போட்டார்கள், எழுத்து கீழே. அதற்கெதிரே இரண்டாவது. அதன்மேல் மூன்றாவது. இந்தப் பக்கம் நான்காவது. கட்சி, அணி, மெத்தனம் என்று எதுவும் பார்க்காமல் அந்தோணிமுத்து ஒன்றோடொன்று சாந்து பூசி ஒட்டவைத்தார். பூச்சு இறுக நான்கு நாள் விட்டார். ஐந்தாம் நாள் ஐந்தடிக் கல்லைப் புரட்டினார்கள்.

“என்ன அக்கிரமம் இது! கவிழ்க்காதீர்கள்! என் எழுத்து! என் பெயர் தண்ணீரைப் பார்த்துப் போகிறது!” என்று அது அலறியது.

“போவட்டும். இனிமே நான் படிச்சுக்கிடுதேன்” என்றது ஓடை.

செல்லக்கனி கட்டையை ஊன்றிக் கல்லின்மேல் ஏறினாள். டொக், டொக் என்று நடந்தாள். எண்ணிப் பார்த்தால் எட்டே எட்டு எட்டு. அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ‘இவ்வளவுதானா? இதுக்கா இருபத்தாறு வருசம் உக்காந்து நகரவச்சீங்க?’ என்று யாரிடமோ கேட்க நினைத்தாள். கேட்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை. வைகாசி பிறக்க மூன்று நாள் இருந்தது. அவள் தையல் கடையை நோக்கி நடந்தாள்.

அடியில் கிடந்த முதல் கல்லுக்கு மேலே கனம் தெரிந்தது. மாலை சூட்டியபோதுகூட அதற்கு அப்படி இருந்ததில்லை.

“வே, மேல யாரோ நடக்காவ!” என்றது. அப்போதுதான் அது முதன்முதலாகத் தெருத் தமிழ் பேசியது. “பாரும் வே, நம்ம மேல நடக்காவ! அந்தத் தடி இருந்து பாத்திருக்கணும்.”

கோமதிநாயகம் விஷயம் கேள்விப்பட்டுக் குதித்தார். காவல் நிலையத்துக்குப் போய்க் கல்லைக் காணோம் என்று புகார் கொடுத்தார். அங்கிருந்த ஏட்டையா பேனாவைத் திறந்தார்.

“கல்லு எங்க இருந்தது?”

“பாலம் கட்டுற இடத்துல.”

“எதுக்கு வச்ச கல்லு?”

“பாலத்துக்கு.”

“இப்ப எங்க இருக்கு?”

கோமதிநாயகம் கொஞ்சம் தயங்கினார். “பாலத்துல.”

ஏட்டையா பேனாவை மூடிவிட்டார்.

ஐந்து வருடம் ஓடி அடுத்த தேர்தலும் வந்தது. ஓட்டுப் போடும் அன்று காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் இரண்டு நாற்காலிகள் செல்லக்கனி வீட்டுக்கு வந்தன. வீடு பூட்டியிருந்தது. தூக்க வந்த இளவட்டங்கள் தேடிக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடினார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு, கட்டையை ஊன்றி அவள் பாலத்தின்மேல் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

“என்ன மதினி, அதுக்குள்ள போட்டுட்டியளா? எந்தக் கட்சிக்காரன் தூக்கிட்டுப் போனான்?” என்று ஒருவன் பதறிக் கேட்டான்.

“எல்லாக் கட்சியும் சேர்ந்துதான். சங்கரலிங்கம் அண்ணாச்சி ரெண்டு ஆளு மாதிரி, பூவலிங்கம் அண்ணாச்சி, அவுக வீட்டுச் செண்பகவல்லி மதினி, உங்க கோமதிநாயகம் அண்ணாச்சி” என்றாள் செல்லக்கனி, கட்டையால் கல்லை ஒரு தட்டுத் தட்டி. “எல்லாரும் இதுக்கு அடியில குப்புறக் கிடக்காவ, குனிஞ்சு பாருங்க. இந்தத் தடவ திருப்பிக் கொண்டாந்து விடுததும் அவுகதான்.”